பத்மா அக்கா பார்த்த ஆட்டம்

பத்மா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மில்லிக்கனில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பிளாசாவில், இடியப்பப் பார்சலுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியில் "பத்மா அக்கா வீடு" என்று பெயர் விழுந்தது. காலை நேரத்தில் அவர் அழைப்பதில்லை. அவருடைய அழைப்புகள் எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகுதான் வரும். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏது ஆட்டம்? எடுத்தேன். மகள் நிரோ பேசினாள். "அன்ரி, அம்மா நித்திரையிலேயே போட்டா" என்றாள். எனக்கு வாயில் முதலில் வந்தது, "ஐயோ, இன்னும் சீசன் தொடங்கேல்லையே பிள்ளை" என்பதுதான். துக்கச் செய்திக்கு இப்படியும் ஒருத்தி பதில் சொல்வாளா! நிரோ கோபிக்கவில்லை. "ஓம் அன்ரி, அதைத்தான் நானும் யோசிச்சனான்" என்று சொல்லிவிட்டு அழுதாள். கடைக்காரத் தம்பி பார்சலை நீட்டிக்கொண்டு நின்றான். நான் அதை வாங்காமலே காருக்குப் போய்விட்டேன்.

அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அவருடைய மோதகம் தெரியும். நகர மையத்தில் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய வாய் தெரியும். பிக்கரிங்கிலிருந்து ரயிலில் வருவார். வந்து கதிரையில் இருக்கும்போதே யாரையாவது ஏசிக்கொண்டுதான் இருப்பார். அந்த வாய்க்குப் பயந்து மனேஜரே சுற்றுப்பாதையில் போவார். ஆனால் அவருக்கு இரண்டு பைத்தியங்கள் இருந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்காது. ஒன்று இந்த நகரத்தின் பேஸ்போல் அணி. மற்றது இந்த நகரத்தின் ஃபுட்போல் அணி. நாங்கள் காலால் உதைத்து வளர்ந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை மற்றவர்கள் மோதி விழுத்துகிற கனடிய ஃபுட்போல். பேஸ்போலுக்கு அவர் வைத்த பெயர் பெரியவன், ஃபுட்போலுக்குச் சின்னவன். பெற்றது நிரோ ஒருத்தியை. ஆனால் புதிதாகச் சந்திக்கிறவர்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "ஒரு பெட்டை, ரெண்டு பெடியள். பெடியளாலதான் கரைச்சல்" என்பார்.

அக்காவின் தம்பி மகனுடைய கலியாணத்துக்கு வந்தவர்கள் அன்று நடந்ததை மறந்திருக்கமாட்டார்கள். நானும் அக்காவும் இரண்டாவது வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவருடைய கையில் அட்சதை, தலையில் மல்லிகைச் சரம். சரத்துக்குக் கீழே, இடது காதுக்குள் செருகியிருந்த இயர்போனில், ஆட்ட வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது எனக்கு மட்டுந்தான் தெரியும். மேடையில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை இன்னும் தாலியைக் கையில்கூட எடுக்கவில்லை. திடீரென்று அக்கா எழும்பி, "அடிச்சிட்டான்!" என்று கத்திக்கொண்டு கையிலிருந்த அட்சதை முழுவதையும் எறிந்தார். எங்கள் பெரியவன் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பியிருந்தான். பின்வரிசையில் இருந்தவர்கள், தாலி கட்டியாயிற்று என்று நினைத்துத் தாங்களும் எறிந்தார்கள். மழைபோல விழுந்த அட்சதையைக் கண்ட தவில்காரர் கெட்டிமேளத்தைத் தொடங்கிவிட்டார். ஐயர் மைக்கைப் பிடித்து, "இன்னும் கட்டேல்லை! இன்னும் கட்டேல்லை!" என்று கதறினார். மாப்பிள்ளையின் தாய் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அக்கா நல்ல பிள்ளைபோல இருந்து, "நல்ல விஷயத்துக்குத்தானே எறிஞ்சனான்" என்று என் காதுக்குள் சொன்னார்.

நான் கிரிக்கெட் வீட்டில் பிறந்தவள். அப்பாவும் அண்ணன்மாரும் ரேடியோவைச் சுற்றியிருந்து ஸ்கோர் கேட்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு பேஸ்போல் என்றால் ஏதோ கிட்டிப்புள் மாதிரித்தான் தெரிந்தது. அக்கா விடுவாரா? ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்த கையோடு என்னை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மைதானத்தின் கூரை திறந்திருந்தது, வெயில் இருந்தது, ஊர்ப்பட்ட சனம் நீலச் சட்டையோடு இருந்தது. அக்கா சேலைக்கு மேல் நீல ஜாக்கெட் போட்டிருந்தார். மைதானத்தில் விற்கிற ஹொட்டோக் என்றால் அவருக்கு உயிர். ஆனால் வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டுந்தான். அதனால் விற்கிற பெடியனிடம் இறைச்சியை எடுத்துவிட்டுப் பணிசு ரொட்டிக்குள் வெங்காயமும் மஞ்சள் சோஸும் மட்டும் போடச் சொன்னார். அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். "தம்பிக்கு என்ன விளங்கேல்லை?" என்று அக்கா தமிழிலேயே கேட்டார். அவன் போட்டுக் கொடுத்துவிட்டான்.

"உதில என்ன இருக்கு அக்கா, அடிக்கிறான், ஓடுறான்" என்றேன்.

"விசரி, அதுதான் விஷயம். உன்ர கிரிக்கெட்டில அடிச்சவன் நிண்டு யோசிக்கலாம், ஓடுவமோ விடுவமோ எண்டு. இதில நேர அடிச்சால் யோசிக்க ஏலாது, உடன ஓடவேணும். எங்கட சனத்துக்குப் பழகின விளையாட்டு" என்றார்.

அன்று பெரியவன் தோற்றான். வெளியே வரும்போது அக்கா, "நாங்கள் தோத்திட்டம்" என்று பெருமூச்சு விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. "நாங்களோ? நீங்கள் எந்த இடத்தில நிண்டு விளையாடினனீங்கள் அக்கா? நான் காணேல்லை" என்று நக்கலடித்தேன். வழக்கமாக அவர் வாயை மூடமாட்டார். அன்று எனக்கு முன்னால் விறுவிறென்று ரயில் நிலையத்துக்கு நடந்தார். ரயிலில் இருந்த பிறகுதான் சொன்னார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஊர்ச் சண்டைக்குத் தப்பி அக்கா கனடாவுக்கு வந்து சில வாரங்கள்தான். ஸ்காபரோவில் நிலத்துக்குக் கீழே ஒரு பேஸ்மென்ற் வீடு. மேல் மாடியில் வீட்டுக்காரி, தனியாக இருந்த ஓர் இத்தாலியக் கிழவி. அக்காவின் கணவர் தொழிற்சாலையில் இரவு வேலை. வீட்டில் அக்காவும் மூன்று வயது நிரோவும் மட்டும். படுத்துக் கொஞ்ச நேரத்தில் தெருவெல்லாம் வெடிச் சத்தம், கார் ஹோர்ன், சனத்தின் கூச்சல். "நான் ஒண்டும் யோசிக்கேல்லை சுகந்தி. பிள்ளையைத் தூக்கிக் கட்டிலுக்குக் கீழ தள்ளிப்போட்டு, அவளுக்கு மேல நான் படுத்திட்டன். இஞ்சயும் தொடங்கீட்டுது எண்டுதான் நினைச்சனான்." கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கிழவி இரவு உடுப்போடு, ஒரு கையில் சட்டி, மறு கையில் அகப்பை. அடித்துக்கொண்டே வந்தவள் கட்டிலுக்குக் கீழே தாயையும் பிள்ளையையும் கண்டு அப்படியே நின்றுவிட்டாளாம். பிறகு சட்டியைக் கீழே வைத்துவிட்டு, தானும் முழங்காலில் இருந்து, குனிந்து, அக்காவின் கையைப் பிடித்து மெல்லமாகச் சொன்னாளாம்: "வீ வன். வீ வன்."

"எனக்கு அப்ப இங்கிலீஷ் அவ்வளவா வராது. ஆனால் அது விளங்கினது. சண்டை இல்லை, நாங்கள் வெண்டிட்டம் எண்டு சொல்லுறா. அவ என்னைக் கேட்டுச் சேர்க்கேல்லை. அதால நானும் ஒருத்தரையும் கேக்கிறேல்லை" என்றார் அக்கா. பிறகு, "எனக்கு ஒரே ஒரு கவலைதான். பெரியவன் கோப்பை வெண்டு ஊரே ரோட்டில நிண்டு ஆடேக்க நான் கட்டிலுக்குக் கீழ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தனான். சாகிறதுக்குள்ள ஒரு தரமெண்டாலும் உந்தப் பெரியவன் கடைசி மட்ச் விளையாடுறதைக் கண்ணைத் திறந்துகொண்டு பாக்கவேணும்" என்றார். அன்றைக்குப் பிறகு நான் அவரை நக்கலடித்தது வேறு விஷயங்களுக்கு.

அவர் காத்திருந்தார். பெரியவன் ஒவ்வொரு வருடமும் அவரை ஏமாற்றினான். சின்னவனோ சத்தம் போடாமல் வென்றுகொண்டிருந்தான். ஏரிக்கரையிலுள்ள அந்தச் சின்ன மைதானத்துக்கு ஒக்டோபர்க் குளிரில் போனால் பாதி இருக்கைகள் வெறுமையாகக் கிடக்கும். அக்கா கம்பளியைப் போர்த்துக்கொண்டு, "அமெரிக்காக்காரனுக்குப் பந்தோட பத்து யாட் தூரம் போறதுக்கு நாலு தரம். எங்களுக்கு மூண்டே மூண்டு தரம். அதிலயும் வெல்லுறான் பார், என்ர குஞ்சு" என்பார். சின்னவன் கோப்பை வென்ற மறுநாள் அலுவலகத்துக்குக் கேசரி கிண்டிக்கொண்டு வந்தார். நிரோவுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் கைகொடுத்தார்கள். "கோப்பை வெண்டிட்டம்" என்றார். "எந்தக் கோப்பை?" என்று கேட்டார்கள். அக்காவுக்கு வந்த கோபத்துக்கு, கேட்டவருக்குக் கேசரி கிடைக்கவில்லை. "கெட்டிக்காரப் பிள்ளையை ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினம், குழப்படிக்காரனைத்தான் ஊரே பாக்கும்" என்று அன்று முழுக்கப் புறுபுறுத்தார். அவரும் அந்தக் குழப்படிக்காரனுக்காகத்தான் காத்திருந்தார் என்பதை நான் சொல்லவில்லை. கேசரி எனக்கும் வேண்டும்தானே.

கடந்த இலையுதிர் காலத்தில் பெரியவன் ஒருவழியாகக் கடைசிவரை வந்தான். ஆனால் அதற்குள் அக்காவின் இருதயம் பழுதாகிவிட்டது. படபடப்பு ஆகவே ஆகாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நிரோ ரீவி ரிமோட்டை ஒளித்துவிட்டாள். முடிவைத் தீர்மானிக்கிற ஆட்டத்தன்று அக்கா என்னைக் கூப்பிட்டார். குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. "சுகந்தி, நீ வந்து சொன்னால் அவள் கேப்பாள்" என்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பார்த்து ஏதாவது நடந்துவிட்டால் என் தலையில்தான் விடியும். பார்க்காமல் விட்டால் அவர் இரண்டாவது தடவையும் கட்டிலுக்குக் கீழே கிடந்த மாதிரி. பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு பிக்கரிங்குக்குக் காரை விட்டேன். நிரோவோடு குசினிக்குள் நின்று பேசினேன். கட்டில் கதையைத் தாய் அவளுக்குச் சொன்னதே இல்லையாம். கேட்டு முடித்ததும் சமையல் அலுமாரியைத் திறந்து, அரிசி வாளிக்குள்ளிருந்து ரிமோட்டை எடுத்துத் தந்தாள். "ஆனால் பிரஷர் மெஷின் கையில இருக்கவேணும். ஏறினால் ஓஃப் பண்ணுவன், ஓகே?" என்றாள்.

அக்கா கையில் பட்டியைக் கட்டிக்கொண்டு, நீல ஜாக்கெட்டோடு சோபாவில் இருந்தார். ஒவ்வொரு இனிங்ஸ் முடியவும் நிரோ மெஷினை அமத்திப் பார்த்தாள். அக்கா அசையவில்லை, கத்தவில்லை, கண்ணை மட்டும் எடுக்கவில்லை. கத்தியது நான். வெற்றி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தபோது நான் சோபாவில் ஏறி நின்றேன். எதிரணிக்காரன் ஒருவன் ஒரே அடியில் அதைத் தட்டிவிட்டபோது அவனுடைய பரம்பரையையே இழுத்துப் பேசினேன். ஆட்டம் நீண்டது, கடைசியில் தோற்றோம். நிரோ பயந்து பயந்து மெஷினைப் பார்த்தாள். அக்காவின் பிரஷர் சாதாரணமாக இருந்தது. அக்கா மெல்லப் பட்டியைக் கழற்றி என் கையைப் பிடித்திழுத்து எனக்குக் கட்டி அமத்தினார். இலக்கத்தைப் பார்த்துவிட்டு, "நிரோ, அன்ரிக்குத் தண்ணி கொண்டு வா. ஆள் போகப்போகுது" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அக்கா, தோத்திட்டாங்களே அக்கா" என்றேன். அவர் தன்னுடைய சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார். "பறவாயில்லையடி. இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு பாத்தனான்" என்றார்.

அக்கா போன எட்டாம் நாள் படையலில், வாழையிலையில் சோறு, நண்டுக்கறி, மோதகம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நிரோ ஒரு ஹொட்டோக்கையும் வைத்தாள். அக்காவின் தம்பி, அந்தக் கலியாண மாப்பிள்ளையின் தகப்பன், குனிந்து பார்த்து, "உதென்ன பிள்ளை?" என்று கேட்டார். ஐயோ, சண்டை வரப்போகிறது என்று நான் எழும்பினேன். "அம்மாவுக்கு விருப்பமானது மாமா" என்றாள் நிரோ. அவர் இலையின் மற்றப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தார். பிறகு, "மஞ்சள் சோஸ் விடேல்லையோ? அவ அது இல்லாமல் தின்னமாட்டா" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்.

அக்காவின் நீல ஜாக்கெட்டை நிரோ எனக்குத் தந்தாள். கை நீளம், தோள் அகலம், எனக்குப் பொருந்தாது. சீசன் தொடங்கிய அன்று அதைப் போட்டுக்கொண்டுதான் ரீவிக்கு முன்னால் இருந்தேன். தோற்றோம். ரீவியை நிறுத்திவிட்டுப் பழக்கத்தில் கைப்பேசியைப் பார்த்தேன். அக்கா அழைக்கிற நேரம். ஹலோ சொல்லமாட்டார், நலம் விசாரிக்கமாட்டார், "பாத்தனியே?" என்றுதான் தொடங்குவார். இனி ஆர் கேட்கப்போகிறார்கள் என்று எழும்பும்போது அது அடித்தது. "பத்மா அக்கா வீடு." அந்தப் பெயரை நான் மாற்றவில்லை. எடுத்தேன்.

"பாத்தனீங்களோ அன்ரி?" என்றாள் நிரோ.

"பாத்தனான் பிள்ளை. நாங்கள் தோத்திட்டம்."

"பறவாயில்லை அன்ரி. கண்ணைத் திறந்துகொண்டுதானே பாத்தனாங்கள்."

நாளைக்கும் ஆட்டம் இருக்கிறது. அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரும், நான் எடுப்பேன். பத்மா அக்காவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அதுதான்.