வழவழப்பு போகும்வரை

நகரிப் பக்கம் செங்கல்வராயனின் சாயப்பட்டறையில் கூலி வேலை செய்த செல்லியம்மாவுக்கு இடது கை முழங்கை வரை வெந்து சுருங்கியிருக்கும். காஸ்டிக் சோடா கரைத்த தொட்டிக்குள் கால் வழுக்கிக் கையை விட்ட நாளில் வந்தது அது. கிணறு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் சேரிக்காரி வாளியைத் தொடக்கூடாது, யாராவது இறைத்து மேலிருந்து ஊற்ற வேண்டும். அன்றைக்குப் பார்த்து எல்லோரும் சோற்றுக்குப் போயிருந்தார்கள். ஆள் வரும்வரை அவள் வெந்துகொண்டே நின்றாள்.

வந்தவர்களும் புளியைக் கரைத்துப் பூசினார்கள். காஸ்டிக் காரத்துக்குப் புளி மாற்றாம்! என்ன மூளையோ. திருப்பதி ஆஸ்பத்திரி டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். உடனே தண்ணீர் விட வேண்டும், வேறு எதுவும் கூடாது, தோலில் அந்த வழவழப்பு போகும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். செல்லியம்மா அதை மறக்கவில்லை. தினமும் அந்தக் கையோடுதானே வேலைக்குப் போகிறாள்.

அது 1957. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எது மதராசுக்கு என்ற எல்லைத் தகராறில் பங்காளிகளுக்குள்ளேயே பேச்சு நின்றுபோயிருந்தது. செங்கல்வராயனின் ஒரே மகன் முனிரத்தினம் மதராஸ் கட்சி. பட்டறைச் சுவரில் அப்படியே எழுதியும் வைத்தான். ஒரு மத்தியானம் எதிர்க்கட்சியார் இருபது பேர் தடியோடு புகுந்தார்கள். எல்லாம் ஒரே ஊர்க்காரர்கள்தான். பானைகள் நொறுங்கின. ஒருவனுக்கு மண்டை பிளந்தது. எவனோ ஒரு பாவி காஸ்டிக் வாளியைத் தூக்கி முனிரத்தினத்தின் முகத்தில் வீசினான். அவன் போட்ட அலறலில் அடிக்க வந்தவர்களே ஓடிப்போனார்கள்.

"புளி கொண்டாங்கடா!" என்று கத்தினார் செங்கல்வராயன்.

செல்லியம்மா யாரையும் கேட்கவில்லை. முனிரத்தினத்தைத் தலைமுடியோடு பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்தாள். ஊறிய சட்டையைக் கிழித்து எறிந்தாள். பட்டறைக்கு வேலைக்கு வந்த பதினொரு வருஷத்தில் முதல்முறையாக அந்த வாளியைக் கிணற்றில் இறக்கினாள்.

"கெணத்த தொடாதடி! தண்ணி பட்டா கொப்புளிச்சி செத்துப்பூடுவான்!" சாயம் கிளறும் கழியால் பெரியவர் செங்கல்வராயன் அவள் முதுகில் ஓங்கிப் போட்டார்.

"அடிச்சிக்கோ ஐயா. நான் ஊத்திக்கினுதான் இருப்பேன். கண்ணு போச்சின்னா நீ குடுப்பியா?"

அடுத்த அடியில் விலா எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. முனிரத்தினம் திமிறினான், அவள் கையைக் கடித்தான். அவன் மார்பில் முழங்காலை ஊன்றி, இமையை விரலால் விரித்துப் பிடித்து, வாளி வாளியாக ஊற்றினாள். அடித்த கை ஓய்ந்து பெரியவர் உட்கார்ந்துவிட்டார். கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். இன்னும் வழவழத்தது. மறுபடி இறைத்தாள்.

திருப்பதியில் அதே டாக்டர் கேட்டார்: "எவரு நீள்ளு போசிந்தி?" தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டதற்குச் செங்கல்வராயன் பேச்சை மாற்றி, கண் பிழைக்குமா என்று கேட்டார். ஒரு கண் போயிற்று, ஒரு கண் பிழைத்தது. ஊருக்குத் திரும்பியதும் பெரியவர் செய்த முதல் காரியம், தீட்டுப் போகக் கிணற்றை அடிவரை இறைத்துக் கொட்டியது. நெஞ்சு கொதிக்கிறது, சொல்லாமல் என்ன செய்ய?

இரண்டு மாதம் கழித்து, விலாவில் கட்டோடு செல்லியம்மா வேலைக்கு வந்தாள். தாகத்துக்குக் கிணற்றடியில் நின்றாள். முனிரத்தினமே இறைத்து, ஊற்றுவதற்கு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் கை குவிக்கவில்லை.

"வாளிய கீழ வையி சின்னய்யா. ஒன் கண்ணுக்கு நான் ஆரையும் கேட்டுக்கினு நிக்கல."

அவன் வாளியைக் கீழே வைத்தான். கயிற்றையும் அவள் கையில் கொடுத்தான். செங்கல்வராயன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.