சனிக்கிழமை பத்து மணி, ஞாயிறு ஐந்து மணி

கோர்ட்டு உத்தரவு எனக்கு மனப்பாடம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் நன்னிலம் வந்து மகளை அழைத்துப் போக வேண்டும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நான் பட்டுக்கோட்டை போய் அவளைத் திரும்ப அழைத்து வர வேண்டும். பிரிந்துபோன நாங்கள் இருவரும் தலையாட்டி, வக்கீல்கள் எழுதி, நீதிபதி கையெழுத்துப் போட்ட ஏற்பாடு.

ஒரு ஞாயிறுகூட ஐந்து மணிக்கு அவர் பிள்ளையை அனுப்பியதில்லை. அவர் வீட்டு கேட்டுக்கு வெளியே, தென்னை மட்டை குவித்து வைத்திருக்கும் இடத்தில் நான் நிற்பேன். ஆறு அடித்த பிறகுதான் கதவு திறக்கும். அதற்குள் மன்னார்குடி பஸ் போயிருக்கும். அடுத்த பஸ்ஸைப் பிடித்து, அங்கே மாறி வீடு வந்து சேரும்போது பிள்ளை என் தோளில் தூங்கிக்கொண்டிருப்பாள். மறுநாள் பள்ளிக்கூடம் வேறு. வேண்டுமென்றேதான் செய்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை.

உத்தரவை மீறுகிறார், வார இறுதியில் அனுப்புவதையே நிறுத்த வேண்டும் என்று மனு போட்டேன். அவர் சும்மா இருப்பாரா? சனிக்கிழமைதோறும் நான் அவரை வெயிலில் தெருவில் நிற்க வைக்கிறேன் என்றும், மகளை அவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்றும் பதில் மனு வந்தது. இரண்டு பேரில் ஒருவருக்குப் பிள்ளை இல்லாமல் போகப்போகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

தஞ்சாவூரில் எங்களை முதலில் குடும்ப நல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். நடுத்தர வயது அம்மா. வக்கீல்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஏன் தாமதம் என்று என் முன்னாள் கணவரிடம் கேட்டார். அவர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார்.

“நாலரையிலேர்ந்து ஆறு வரைக்கும் ராகு காலங்க. பொம்பளப் புள்ளைய எப்படிங்க அனுப்புறது?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான புதிதில் நான் காலண்டரைப் பார்த்துவிட்டு வெளியே கிளம்பினால் நாலு பேர் முன்னால் கேலி செய்த மனிதர். எப்போதிலிருந்து இதெல்லாம் என்று கேட்டேவிட்டேன்.

“முன்னெல்லாம் பாக்க மாட்டேன். இப்ப அவ ஒரு ராத்திரிதான் எங்கிட்ட இருக்கா. பயமா இருக்கு” என்றார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, சனிக்கிழமை என்ன கதை என்றார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. எனக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது. ஆனால் மகள் விஷயத்தில் எதற்கு வம்பு என்று பத்தரை தாண்டித்தான் கதவைத் திறப்பேன். கோர்ட்டில் சொன்னால் சிரிப்பார்களே என்று வக்கீலிடம்கூட மூச்சு விடவில்லை. அவரும் தன் வக்கீலிடம் சொல்லவில்லையாம். இத்தனை பேர் கூடி நேரம் குறித்தோம், ஒருவராவது காலண்டரைப் பார்த்திருக்கலாம். அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சனி பதினொன்று, ஞாயிறு நான்கு என்று நேரம் மாறியது. மனுக்களை இருவரும் திரும்பப் பெற்றோம்.

சில வாரங்கள் ஒழுங்காகப் போயின. பிறகு அறுவடை சமயத்தில் ஒரு ஞாயிறு, நெல் மூட்டை ஏற்றிய லாரி அச்சு முறிந்து சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. நான் பட்டுக்கோட்டையில் இறங்கும்போது நாலரை தாண்டியிருந்தது. இந்த முறை உத்தரவை மீறியவள் நான். அடுத்த மனு தயார் என்று நினைத்தபடி மட்டைக் குவியல் பக்கம் போய் நின்றேன்.

கேட் திறந்தது. “உள்ள வா. ஆறு மணிக்கு மேல கிளம்பிக்கலாம்” என்றார் அவர்.

நான் தயங்குவதற்குள் மகள் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அங்கே அவளுக்கென்று ஓர் அறை இருப்பதே எனக்குத் தெரியாது. அலமாரி, பொம்மைகள், தெருப்பக்க ஜன்னலுக்குக் கீழே ஒரு ஸ்டூல். இது எதற்கு என்று கேட்டேன்.

“நீ வெளியில நிப்பல்ல, அப்ப ஏறி நின்னு உன்னப் பாத்துக்கிட்டே இருப்பேன். நம்ம வீட்டுல அப்பாவ அப்படித்தான் பாப்பேன்.”

அறை வாசலில் நின்றிருந்த அவர் காதிலும் அது விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அவர் பத்து மணிக்கே வந்து தெருவில் நின்றார். நான் கதவைத் திறந்து, உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.