கொடுக்கில்லாத ஈ

கோட்டுச்சேரிமேட்டில் அமுதத்துக்குக் கிடைத்த சுனாமி வீட்டின் பின்னால் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு மண் கிடந்தது. 2007இல் அதில் செண்டிப்பூவும் கொத்தமல்லியும் போட்டாள். கணவனைக் கடல் கொண்டுபோய் மூன்றாவது வருஷம் அது. மீன்கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக நடந்தவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. இனி பூதான் சோறு என்று முடிவு செய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் படகின் முகப்புக்கு மாலை போடுவது அந்த ஊர் வழக்கம். மாலை அமுதத்தின் தோட்டத்துப் பூ. ஆனால் படகு கிளம்பும்போது அவள் கரையில் நிற்கக் கூடாது, தாலி அறுத்தவள் என்பதால். அவள் கட்டிய பூ முகப்பில் தொங்கலாம், அவள் முகம் மட்டும் எதிரே வரலாகாது. இந்த நியாயத்தை எனக்கு விளங்கவைக்க எந்தப் பெரிய மனிதருக்கும் இதுவரை வாய் வந்ததில்லை.

பூ வந்ததும் கூடவே அவையும் வந்தன. மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட உடம்பு. அந்தரத்தில் ஓரிடத்தில் அசையாமல் நின்று, சட்டென்று விலகிப் போகும். குளவி என்றுதான் அமுதமும் பயந்தாள். ஒருநாள் களை எடுக்கும்போது ஒன்று அவள் முழங்கையில் உட்கார்ந்துவிட்டது. கை கால் ஆடாமல் கல்லாக நின்றாள். அது வியர்வையை நக்கிவிட்டுப் பறந்து போனது. மறுநாளும் வந்து நக்கியது. அதோடு பயம் தெளிந்தது.

அது குளவியல்ல, ஈ. குளவிக்கு நான்கு சிறகு, இதற்கு இரண்டே. கொடுக்கு கிடையாது. கொத்த வரும் குருவியை ஏமாற்றத்தான் அந்த வேஷம். வலுவில்லாத ஒன்று பிழைப்பதற்குப் போட்ட வேஷத்தில் என்ன குற்றம் இருக்கிறது?

பஞ்சாயத்தாரில் ஒருவரான அரசப்பன் புதிதாக பைபர் படகு இறக்கினார். அமுதத்தின் மாலைக்குள் ஒடுங்கியிருந்த ஈக்கள், வெயில் பட்டதும் எழுந்து முகப்பைச் சுற்றின. குளவி, குளவி என்று கூட்டம் பின்வாங்கியது. சுவரில் குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று பூரிக்கிற ஊர்தான் அது. படகில் பறந்ததும் அதுவே அபசகுனமாகிவிட்டது. அறுத்தவள் கைப்பூ அல்லவா என்று யாரோ சொல்ல, மாலையைப் பிய்த்துத் தண்ணீரில் எறிந்தார்கள். அன்று படகு கடலுக்குப் போகவில்லை.

மறுநாள் காலை அரசப்பன் நாலைந்து பேரோடு அரிவாளும் கையுமாகத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். செடியை வெட்டிவிட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. இது குளவியில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. கொத்தமல்லிப் பூவின் மேல் நின்ற ஒன்றை எட்டிப் பிடித்து, கையை மூடி, அவர்கள் பார்க்கத் திறந்தாள். ஈ பறந்தது. உள்ளங்கையில் ஒரு கீறலும் இல்லை.

"ஏதோ கண்கட்டு வித்தை காட்டுற. நான் காட்டுறதைப் புடி பாப்போம்" என்று அரசப்பன் ஒரு செண்டிப்பூவின் மேல் இருந்ததைக் காட்டினார்.

கை நீளும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதன் காலில் மஞ்சள் மகரந்தப் பொடி உருண்டையாக அப்பியிருந்தது. நிஜத் தேனீ. கையைப் பின்னுக்கு இழுத்தால் செடி போச்சு. பிடித்து மூடினாள். கொடுக்கு இறங்கியது. முகத்தில் ஒன்றும் காட்டாமல், மூடின கை மூடினபடியே நின்றாள்.

"ஈதான் மாமா. வேணுமின்னா நீங்களும் ஒண்ணைப் புடிச்சுப் பாருங்க."

அரசப்பன் தன் கையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், பிறகு அரிவாள்காரர்களைப் பார்த்தார். "ஈயாம்டா. வாங்க போவோம்" என்று நடையைக் கட்டினார். அவள் கையைப் பணயம் வைக்கச் சொன்னவரிடம், உன் கையை நீட்டு என்று கேட்க அந்தக் கூட்டத்தில் வேறு ஒருவருக்கும் தோன்றவில்லை.

வேலிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள் அரசப்பனின் மனைவி அஞ்சுகம். ஆண்கள் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்தாள். அமுதம் முந்தானைக்குள் மறைத்த கையை இழுத்து விரித்து, நகத்தால் கொடுக்கைக் கிள்ளி எடுத்தாள். இடுப்புச் சுருக்குப்பையில் இருந்த வெற்றிலைச் சுண்ணாம்பை வீங்கின இடத்தில் தடவினாள்.

"ஏன்டி, எந்த ஊரு ஈ இப்படி வீங்க வைக்குது?"

"மாமாவுக்குச் சொல்லிப்புடாதீங்க அத்தே."

"அந்த மனுசனுக்கு நான் எதைத்தான் சொல்லியிருக்கேன்" என்றாள் அஞ்சுகம்.

உண்மையைக் காப்பாற்ற அமுதம் ஒரு பொய்யைக் கைக்குள் மூடவேண்டி வந்தது. வெட்கப்பட வேண்டியவள் அவளல்ல. அடுத்த வெள்ளிக்கிழமை அஞ்சுகம் தானே வந்து, அமுதத்தின் கையாலேயே மாலையை வாங்கிக்கொண்டாள். வாங்குவதற்கு முன், அதை வெயிலில் நன்றாக ஒருமுறை உதறினாள்.