மூக்கை அடைத்துவிட்டுச் சோறு ஊட்டினேன்

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவன் நான். அதனால் கார் கம்ப்யூட்டரையும் நானே திருத்திவிடலாம் என்று ஒரு கொழுப்பு. வண்டி ஓடும்போது இன்ஜின் சென்சார்கள் காட்டும் அளவுகளை லேப்டாப்பில் பதிவு செய்தேன். இன்ஜினுக்குப் போகும் காற்று குறைவு, இழுவையும் குறைவு என்றது பதிவு. காற்று ஏன் குறைகிறது என்று பார்க்காமல், கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டி வைத்தேன்.

மறுநாள் மனைவியுடன் பொன்னேரிக்குக் கிளம்பினேன். பாலத்தின் மேல் வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு நின்றது. வெடிக்கப் போகிறது என்று பயந்து, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி ஓடினேன். இருபதடி தாண்டிய பிறகுதான் மனைவி நினைவுக்கு வந்தாள். மடியில் நண்டுக் குழம்புத் தூக்குடன் அவள் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"லேப்டாப்ப தூக்கினு ஓடுறியே, நான் இன்னா ஸ்டெப்னியா?" என்றாள். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் சிரித்தார்கள்.

மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்து, காற்றுக் குழாயின் வாயிலிருந்து ஒரு துணியை உருவினார். வயல் எலி ஒயரைக் கடிக்கக் கூடாதென்று, போன மாதம் புகையிலையைச் சுருட்டி நானே செருகி வைத்த துணி.

"இன்னா சார், மூக்க அடைச்சிட்டு வாய்ல சோத்த ஊட்டினே இருந்தா வண்டி இன்னா பண்ணும்?"

இப்போதெல்லாம் பதிவு எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து, நான் வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன். லேப்டாப் மூடியில் மனைவி ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: 'மொதல்ல என்னை எறக்கு.' வேலையிடத்தில் அதைக் கையால் மறைத்துக்கொள்கிறேன். கிழிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.