கழுதைக் கொட்டிலில் தங்கிய நாள்

பிள்ளைகளே, தலைமன்னாரில் நாம் தங்கிய அறை முன்பு கழுதைக் கொட்டில். வீட்டுக்காரர் கதவும் கட்டிலும் போட்டு, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

மாலை மழையில் ஏதோ கதவை முட்டியது. யானைக் காட்டோரத்து மறிச்சுக்கட்டிக்காரனான எனக்கு, கதவை முட்டினால் அது யானைதான். உங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன்.

"வாப்பா, ஆனையா?" என்று சின்னவள் அழுதாள்.

வெளியே வீட்டுக்காரர் சிரித்தார். "இந்தத் தீவில ஆனை ஏது அண்ணை? இவ உங்களுக்கு முந்தின வாடகைக்காரி. மழை வந்தால் குட்டியோட இஞ்சதான் வருவா."

கதவைத் திறந்தேன். நனைந்த தாய்க்கழுதை என்னைக் கண்டு பயந்து, குட்டியை மறைத்துக்கொண்டு நின்றது. நானும் அப்படித்தானே நின்றேன்!

நீங்கள் சாப்பிடப் போன பிறகு, விறாந்தையில் நாம் உட்காரும் கதிரைகளை ஓரமாக ஒதுக்கி, தாயும் குட்டியும் நனையாமல் நிற்க இடம் விட்டேன்.