கல்லறைக்குப் போகும் தடம்

காங்கேயம் பக்கம் ஒரு தேங்காயெண்ணெய் மில்லில் கொப்பரை காயப்போடும் வேலை சாமுவேலுக்கு. அவர் காலனியில் முப்பது கிறிஸ்தவக் குடும்பங்கள். ஓடைக்கு அந்தப்பக்கம் இருந்த கல்லறைத் தோட்டத்துக்கு, தண்ணீரில் இறங்காமல் வயலோரமாகப் போக ஒரு வண்டித்தடம் உண்டு. தொண்ணூற்றொன்றில் அந்த வயலின் சொந்தக்காரர் சென்னிமலை அதை மறித்துக் கம்பிவேலி போட்டுவிட்டார். அன்று முதல், மாதம் ஒரு திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டு, தாலுகா ஆபீசுக்கு மனுவோடு அலைந்தார் சாமுவேல்.

தொண்ணூற்று மூன்று ஐப்பசியில், அடைமழையில், அவர் மனைவி மாசாணியம்மாள் மஞ்சள் காமாலையில் இறந்தாள். வேலியைத் திறந்துவிடச் சொல்லிக் காலனிக்காரர்கள் போய் நின்றார்கள்.

"பயிரு நிக்குதப்பா. மிதிச்சுப்போடுவீங்க" என்று உள்ளே போய்விட்டார் சென்னிமலை.

இடுப்பளவுத் தண்ணீரில் பெட்டியைத் தோளில் சுமந்து ஓடையில் இறங்கினார்கள். நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்க, பெட்டி சாய்ந்து ஒரு முனை தண்ணீரில் முங்கியது. உள்ளே மாசாணி நகர்ந்து பலகையில் இடித்த சத்தம் சாமுவேலுக்குக் கேட்டது.

அடக்கம் முடிந்ததும் போதகர் அவர் தோளைத் தொட்டார். "நம்பிக்கையோட இருங்க. கடைசி நாள்ல அம்மா எந்திரிச்சு வருவாங்க."

"எந்த வழியாங்க வருவா?" என்றார் சாமுவேல். "கம்பியத் தாண்டியா, ஓடையில எறங்கியா?"



அதற்குப் பிறகும் மனு எழுதினார். தொண்ணூற்றேழில், "பைலைக் காணமுங்க. புதுசா எழுதிக் குடுத்துருங்க" என்றார் கிளார்க். சாமுவேல் கையில் இருந்த நகல்களை அங்கேயே கிழித்துப் போட்டார். அத்தோடு சர்ச்சுக்குப் போவதும் நின்றது. ஆண்டவர் மேல் சந்தேகமில்லை. நம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வந்தது.

சில நாள் கழித்து, பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் மனு எழுத ஒரு கோடுபோட்ட தாளோடு வந்து நின்றாள். அவள் புருஷன் நஞ்சப்பன் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

"எழுதுங்கண்ணா. அவரையும் தண்ணியில முக்கோணுமா?"

"நம்பி நம்பி என்னத்தக் கண்டேன்? நீயே போய்க் கேளு!"

"எனக்கு எழுத வராதுங்களே. கடைசி நாள்ல எந்திரிக்க வெக்கறத ஆண்டவரு பாத்துக்குவாரு. தடத்த நாமதானுங்க கேக்கோணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். திங்கட்கிழமை பூவாத்தாளும் கூடவே பஸ் ஏறினாள். அடுத்த மாதம் காலனியிலிருந்து பதினோரு பெண்கள் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கச் சொல்லியும் எழவில்லை.

மறுவருஷம் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்து, வேலியோரம் மூன்றடி அகலத்துக்கு வழி ஒதுக்கிக் கொடுத்தார். வண்டித்தடம் அல்ல, மூன்றே அடி.

இரண்டு மாதத்தில் நஞ்சப்பன் போய்ச் சேர்ந்தார். பெட்டி கால் நனையாமல் போனது. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாமல், தூக்கியவர்களின் சட்டைகளைக் கம்பிமுள் கிழித்தது. "ஏழு வருசம் நடந்தது இதுக்கா?" என்று முணுமுணுத்தபடியே பின்னால் வந்தார் சாமுவேல்.

குழி மூடியதும் போதகர் அவர் பக்கம் திரும்பினார். "ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்களேன்."

"மிச்சத் தடமும் வரட்டுங்க, சொல்றேன்."

அடுத்த திங்கட்கிழமையும் அவர் மில்லுக்குப் போகவில்லை; புது மனுவோடு பஸ் ஏறினார்.