குழந்தைராஜ் மாட்டிய பெரிய டயர்

குழந்தைராஜின் ஜீப் மலையேறுவதற்காகச் செய்யப்பட்டது. பூதலூரிலிருந்து தஞ்சாவூர் அலுவலகம் போகும் வழியில் அதற்கு வாய்த்த ஏற்றம் ஒரு வாய்க்கால் மதகுதான். குழிகளுக்குக் குறைவில்லை, பள்ளிக்கூட வேலைக்குக் கூடவே வரும் மனைவி ஃபெபியின் முழங்காலில் ஒவ்வொன்றும் இறங்கியது. இருவரும் நிதானமாகப் பேசிக்கொள்வது அந்தப் பயணத்தில் மட்டும்தான். அதனால் அவளுக்காகவே பெரிய டயர் மாட்டினார்.

குலுக்கல் குறைந்தது. வண்டி உயர்ந்துவிட்டதால் ஃபெபியால் ஏற முடியவில்லை.

"முட்டி வலிக்குதுன்னுதானே சொன்னேன்? வண்டியை மாடிக்குத் தூக்கிட்டீங்களே!"

மறுநாள் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டார். எதிர் டீக்கடையே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது.

"சப்பரத்துல மாதா சுரூபம் ஏத்துறாப்புல இருக்கு. நான் பஸ்லயே போறேங்க."

"பஸ்ஸும் உயரம்தானே?"

"அதுல படி இருக்கு."

ஜீப்புக்குப் படி செய்யக் கொடுத்த பட்டறைக்காரர் வாரக்கணக்காக 'நாளைக்கு' என்கிறார். குழந்தைராஜ் தனியாகப் போகிறார். டயரின் கனத்தில் வண்டி வேகமும் பிடிப்பதில்லை.

இன்று ரயில்வே கேட்டில் களைத்து நின்றபோது, வழக்கம்போல எதிர்ச்சாரியில் ஏறி பஸ் அவருக்கு வலப்பக்கம் வந்து நின்றது. ஜன்னலில் ஃபெபி. இருவர் முகமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தது.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன். உன் முட்டி?"

"கடைசி சீட்டுங்க. கேக்காதீங்க."

கேட் திறந்தது. பஸ் முந்திக்கொண்டது.